நிறுத்தும் செலவு: மரக்காணத்து உப்புப் பாதையில் பிரேக்கின் வரலாறு

அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், புறநானூற்றுப் பாட்டொன்றில் உப்பு வணிகரான உமணரின் வண்டியைக் காட்டுகிறார். வழியில் மேடும் பள்ளமும் எங்கே வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அவர்கள் வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சையும் கட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சேம அச்சைப் போல ஆபத்தில் உதவுபவன் எழினி என்கிறது பாட்டு. உப்புப் போக்குவரத்தைப் பற்றித் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய தொழில்நுட்பச் செய்திகளில் இதுவும் ஒன்று. இதற்குள் தெளிவான வணிகக் கணக்கு இருக்கிறது. அச்சு முறிந்தால் சரக்கு நடுவழியில் கிடக்கும், மழை பெய்தால் கரைந்தே போகும். அதைவிட ஒரு மரத்தின் எடையைக் கூடுதலாகச் சுமப்பது மேல். வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகச் செலவிட உப்பு வணிகம் தயங்கியதில்லை. வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்கான செலவுதான் தலைமுறை தலைமுறையாகத் தள்ளிப்போனது. இதற்கு அலட்சியம் மட்டும் காரணம் அல்ல. அந்தச் செலவைச் சிறிய வண்டிக்காரருக்குக் கட்டுப்படியாக்கும் தொழில் அமைப்பு நெடுங்காலம் உருவாகவில்லை. இன்று பழைய பிக்கப் வண்டி ஒன்றுக்குப் பூஸ்டருடன் டிஸ்க் பிரேக்கை நியாயமான செலவில் பொருத்த முடிகிறதென்றால், அதில் மெக்கானிக்கின் கைத்திறனுக்கு இருக்கும் பங்கைவிட அறுபது ஆண்டுத் தொழில் வரலாற்றுக்கு இருக்கும் பங்கு பெரிது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மரக்காணத்தின் அளங்கள் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கின்றன. தமிழக உப்பு உற்பத்தியில் தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்துப் பேசப்படும் ஊர் இது. சிறுபாணாற்றுப்படை குறிக்கும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இங்குள்ள பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளும் உப்பளங்களைப் பேசுகின்றன. இவ்வளவு நீண்ட மரபில், அண்மைக்காலம் வரை உப்பு ஊரை விட்டு வெளியேறிய வேகம் மாட்டின் நடைவேகத்தைத் தாண்டவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்வாய் வந்தது. 1806இல் பேசில் காக்ரேன் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டத் தொடங்கிய நீர்வழி, வடக்கிலும் தெற்கிலும் படிப்படியாக நீண்டது. தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877-78இல், நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநரின் பெயரால் முழு நீர்வழியும் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. அதன் தென்கோடி மரக்காணம். உப்பும் விறகும் ஏற்றிய படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தார்கள், கழி ஊன்றித் தள்ளினார்கள், காற்று வாய்த்தபோது பாய் விரித்தார்கள். இழுப்பதை விட்டால் படகு தானே நின்றது. மாட்டு வண்டியும் அப்படித்தான். சமவெளிக் கடற்கரையில் மூக்கணாங்கயிறே பிரேக். நிறுத்துவதற்கென்று தனியாகச் செலவு எதுவும் தேவைப்படாத உலகம் அது. அந்த உலகத்தில் பழகிய சரக்குக் கூலிக் கணக்கில் பிரேக்குக்கு ஒரு வரி கூட ஒதுக்கப்படாததில் வியப்பில்லை.

கணக்கு மாறியது லாரி வந்தபோது. ரயில் மேற்கே திண்டிவனம் வழியாகப் போய்விட்டதால், அளத்திலிருந்து புறப்படும் உப்பு நீரை நம்ப வேண்டும் அல்லது சாலையை நம்ப வேண்டும். 1960களிலும் 1976இலும் வீசிய புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. தூர்ந்த நீர்வழியின் சரக்கு சாலைக்கு ஏறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடியவற்றில் ராணுவம் கழித்த லாரிகளும், ஜீப்புகளும், ஷெவர்லே, ஃபார்கோ, பெட்போர்டு வண்டிகளும் அடக்கம். இவற்றின் உரிமையாளர்கள் முதலில் மாற்றியது எஞ்சினை. 1950களில் சென்னை சிம்சன் நிறுவனம் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினை உற்பத்தி செய்யத் தொடங்கியதும், பெட்ரோல் லாரிகளின் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசலைப் பொருத்துவது பெரிய தொழிலாயிற்று. டீசலில் மிச்சமாகும் பணம் ஒவ்வொரு நடையிலும் கண்ணுக்குத் தெரிந்தது. பிரேக்குகளோ பெரும்பாலும் வந்தபடியே இருந்தன: நான்கு சக்கரத்திலும் டிரம், ஒரே குழாய்ச் சுற்று, சிறிய வண்டிகளில் பூஸ்டரும் கிடையாது. தன் வண்டியின் இதயத்தையே மாற்றத் துணிந்த மக்களைப் புதுமைக்கு அஞ்சியவர்கள் என்று சொல்ல முடியாது. இழுக்கும் செலவு கூலியில் திரும்பி வந்தது, நிறுத்தும் செலவு திரும்பி வரவில்லை என்பதே உண்மை. விபத்து நேராத நாளை எந்தக் கணக்குப் புத்தகமும் வரவில் எழுதுவதில்லை.

அப்படியானால் அந்தக் காலத்தில் நல்ல பிரேக் உலகில் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. பிர்மிங்ஹாமில் பிரடெரிக் லான்செஸ்டர் 1902இலேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் தெவாண்டர், எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தைக் கொண்டு மிதியின் அழுத்தத்தைப் பெருக்கும் பூஸ்டரை 1920களில் உருவாக்கினார். 1953இல் லெ மான் பந்தயத்தை டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் வென்றது. 1955இல் பிரான்சின் சிட்ரோயன் டி.எஸ். கார் முன்சக்கர டிஸ்க்குடன் பெருமளவு உற்பத்திக்கு வந்தது. ஆனால் சரக்கு ஏற்றும் சிறு வண்டிக்கு அது இறங்கிவர மேலும் காலம் பிடித்தது. உலகிலேயே பிக்கப் வண்டிகள் மிகுந்த அமெரிக்காவில்கூட ஷெவர்லே தன் பிக்கப்புகளில் முன்சக்கர டிஸ்க்கை எல்லா வண்டிக்கும் பொதுவாக்கியது 1971இல்தான். பந்தயக் காருக்கு முதலில், பணக்காரர் காருக்கு அடுத்து, மூட்டை ஏற்றுபவருக்குக் கடைசியில் என்பதே பிரேக் இறங்கிவந்த வரிசை. அதிக எடையைச் சுமப்பவருக்கே அது முதலில் தேவை என்பதால் இந்த வரிசை தலைகீழானது. கண்டுபிடிப்பு நிகழ்ந்த ஆண்டை மட்டும் எழுதிவிட்டு, அது யாருடைய கைக்கு எப்போது எட்டியது என்று கேட்காத தொழில்நுட்ப வரலாறு பாதி வரலாறுதான்.

தமிழ்நாட்டுக்கு இந்த அறிவு வந்து சேர்ந்த வழி சென்னைப் பாடி. 1953இல் தீர்வை ஆணையத்தின் பரிந்துரையை ஏற்ற மத்திய அரசு, வெளிநாட்டு உறுப்புகளை இறக்கிப் பூட்டி மட்டும் விற்கும் நிறுவனங்களுக்கு இடமில்லை, உறுப்புகளை இங்கேயே செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தது. அந்த முடிவின் தொடர்ச்சியாகவே 1962இல் டி.வி.எஸ். குழுமம் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்துடன் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியாவையும், கிளேட்டன் தெவாண்டருடன் சேர்ந்து சுந்தரம் கிளேட்டனையும் தொடங்கியது. இரண்டாவது கூட்டாளியின் பெயரிலேயே பெல்ஜியத்துப் பூஸ்டர்காரரின் பெயர் இருந்தது. 1964இல் ரானே பிரேக் லைனிங் வந்தது. ஆக, பிரேக் செய்யத் தெரிந்த கைகள் மரக்காணத்திலிருந்து சாலை வழியே மூன்று மணி நேரத் தொலைவில் இருந்தன. இருந்தும் பிக்கப்புகளில் டிரம்மே நீடித்தது. காரணம் சந்தை. உரிமங்களால் கட்டுண்டு, ஆண்டுக்கணக்கில் முன்பதிவு செய்து காத்திருந்து வண்டி வாங்கிய நாட்டில், தயாரிப்பாளருக்கு உறுப்பை மாற்றும் அவசியம் இல்லை. எண்ணிக்கை குறைவாக இருந்ததால் டிஸ்க்கும் காலிப்பரும் செய்யும் அச்சுகளுக்குப் போட்ட முதல் திரும்பாது. சாலையும் கரடு, வேகமும் குறைவு என்பதால் குறை வெளியே தெரியவில்லை. 1969 முதல் ஓடிய மாட்டடார் டெம்போவும், 1986இல் வந்த டாட்டா 407உம் அந்தச் சூழலின் பிள்ளைகள். 407 தன் வகுப்பில் நம்பிக்கைக்குரிய வண்டி என்று பெயர் பெற்றதில் ஐயமில்லை. ஆனால் அந்த நம்பிக்கை எஞ்சினுக்கும் சட்டகத்துக்கும் கிடைத்த நம்பிக்கை.

குறையை வெளிக்கொண்டு வந்தது சாலை. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே மீனவக் கிராமங்களை ஒட்டிக் கிடந்த துண்டுச் சாலைகள் இணைக்கப்பட்டு 1998இல் கிழக்குக் கடற்கரைச் சாலை உருவாயிற்று. 2002இல் தரம் உயர்த்தப்பட்டுச் சுங்கச் சாலையானது. அது மரக்காணத்தின் ஊடாகவே செல்கிறது. முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் பழகிய வண்டி எழுபது எண்பதில் ஓடத் தொடங்கியது. வேகம் இரட்டித்தால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. அதோடு எடையும் இரட்டித்தால் எட்டு மடங்கு. அந்த ஆற்றல் முழுவதும் பிரேக்கில் வெப்பமாக மாற வேண்டும். டிரம்மின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது, மிதி ஆழமாக இறங்குகிறது, மூடிய கூட்டுக்குள் வெப்பம் தேங்குகிறது. டிஸ்க் காற்றில் திறந்து சுழல்வதால் விரைவில் ஆறுகிறது, விரிந்தாலும் பேடை நோக்கியே விரிகிறது. சரக்கின் தன்மையும் சேர்ந்து கொள்கிறது. உப்பு அடர்த்தியானது. தொட்டியின் விளிம்பு வரை நிரப்பினால் சிறிய வண்டியின் அனுமதித்த எடையைத் தாண்டிவிடும். ஈர உப்பிலிருந்து வடியும் நீர் சட்டகத்தின் வழியே இறங்கி டிரம்முக்குள்ளும் பிரேக் குழாயின் மேலும் தங்குகிறது. லைனிங்குக்கும் ஷூவின் இரும்புத் தகட்டுக்கும் நடுவே துரு ஏறினால் லைனிங்கே பெயர்ந்து வருகிறது. சாலை வேகத்தைக் கொடுத்தது, உப்பு எடையையும் அரிப்பையும் கொடுத்தது. நடுவில் நின்ற டிரம் மட்டும் ஜீப் காலத்திலேயே இருந்தது.

டிஸ்க்கைக் கட்டுப்படியாக்கியது எண்ணிக்கை. 1990களில் சந்தை திறந்து கார் உற்பத்தி பெருகியபோது முன்சக்கர டிஸ்க்கும் வெற்றிட பூஸ்டரும் பொதுச்சரக்காயின. 2005இல் வந்த டாட்டா ஏஸ் போன்ற மிகச் சிறிய சரக்கு வண்டியே முன்சக்கர டிஸ்க்குடன் வந்தது. மஹிந்திராவின் பொலிரோ பிக்கப்பிலும் முன்னே டிஸ்க், பின்னே டிரம் என்பதே வழக்கமாயிற்று. லட்சக்கணக்கில் செய்யப்படும் உறுப்பின் விலை இறங்குகிறது. அதே வண்டிகள் வயதாகிப் பிரிக்கப்படும்போது சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உறுப்புச் சந்தைகளுக்கு அவை வந்து சேர்கின்றன. அமெரிக்காவிலும் நடந்தது இதுவே. 1960களின் ஷெவர்லே பிக்கப்பை வைத்திருப்பவர்கள், 1971க்குப் பின் வந்த அதே நிறுவனத்தின் ஸ்டப் ஆக்ஸிலையும் ஹப்பையும் எடுத்துப் பூட்டுவதே மலிவான வழி என்று கண்டுகொண்டார்கள். ஒரே நிறுவனத்தின் வடிவமைப்பு பல ஆண்டு தொடரும்போது பிந்தைய உறுப்பு முந்தைய வண்டிக்குச் சிறு மாற்றத்தோடு பொருந்துகிறது. வில்லிஸ் வடிவத்தையே பல பத்தாண்டு தொடர்ந்த மஹிந்திரா ஜீப், பிக்கப் வரிசையிலும் இந்த வாய்ப்பு இருக்கிறது. புதுமையை அடக்கிய அந்தத் தேக்கமே, பழைய வண்டிக்குப் புதிய பிரேக்கைப் பொருத்துவதை இன்று எளிதாக்கியிருக்கிறது.

ஆனால் மலிவு என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டால் ஆபத்து. டிரம்மில் முன்னோக்கிய ஷூ சக்கரத்தின் சுழற்சியாலேயே உள்ளிழுக்கப்பட்டுத் தன் பிடியைத் தானே கூட்டிக்கொள்ளும். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது, அதற்கு அதிக அழுத்தம் வேண்டும். ஆகவே பூஸ்டர் இல்லாமல் டிஸ்க் மட்டும் பூட்டியவர், மிதியைக் கல்லாக்கிக்கொண்டவர். பெட்ரோல் எஞ்சின் தானே வெற்றிடம் தரும். டீசல் எஞ்சின் தராது. அதற்கு ஆல்டர்னேட்டரின் பின்புறம் இணைத்த வெற்றிட பம்ப் தேவை, அதன் எண்ணெய்க் குழாய்களும் தேவை. பழைய மாஸ்டர் சிலிண்டரில் டிரம்முக்காக வைத்த மிச்ச அழுத்த வால்வு இருந்தால், டிஸ்க் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். முன் பிரேக் வலுத்த பிறகு பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளாமல் இருக்க, சுமைக்கேற்பப் பின் அழுத்தத்தைத் திருத்தும் வால்வு வேண்டும். அளத்திலிருந்து நிறைந்து போய் வெறுமையாகத் திரும்பும் வண்டிக்கு இது விலக்க முடியாதது. ஒரே சுற்றுக்குப் பதிலாக இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் போட்டால், ஒரு குழாய் வெடித்தாலும் பாதிப் பிரேக் மிஞ்சும். எனவே செலவு குறைந்த சரியான வரிசை இதுதான்: முதலில் இருக்கும் டிரம்மையும் குழாய்களையும் முழுமையாகச் செப்பனிடுவது, அடுத்து இரட்டைச் சுற்றும் பூஸ்டரும், கடைசியில் முன்சக்கர டிஸ்க். பின்னே டிரம்மே போதும், கைப்பிரேக்கும் அதில் எளிது. பழைய சந்தையில் வாங்கத் தகுந்தவை காலிப்பர் தாங்கியும் நக்கிளும் போன்ற வார்ப்பு உறுப்புகள். ரப்பர் சீல், ஹோஸ், பேட், பிரேக் ஆயில் ஆகியவற்றில் பழையதை நாடுவது சிக்கனம் ஆகாது.

இதற்கு முதல் எதிர்வாதம் உப்பிலிருந்தே எழுகிறது. திறந்து கிடக்கும் டிஸ்க் கடற்கரையில் துருப்பிடிக்கும், மூடிய டிரம்தான் இங்கு பொருத்தம் என்பார்கள். பாதி உண்மை. இரவு நின்ற வண்டியின் டிஸ்க் காலையில் செந்நிறமாவது நிஜம். ஆனால் அந்த மேல்துரு முதல் சில மிதிப்பில் பேடாலேயே துடைக்கப்படுகிறது. டிரம்முக்குள் புகுந்த உப்புநீரோ வெளியேற வழியின்றி உள்ளேயே வேலை செய்கிறது, வீல் சிலிண்டர் இறுகும்வரை கண்ணுக்கும் தெரிவதில்லை. டிஸ்க்கில் உண்மையான ஆபத்து காலிப்பர் நகரும் பின்கள் இறுகுவது. அவற்றைக் கழற்றித் துடைத்துக் கிரீஸ் வைப்பது சிறு வேலை. நன்னீரில் கழுவுவதும் அப்படியே. பனிக்காலத்தில் சாலைகளில் உப்பைத் தூவும் நாடுகள் இச்சிக்கலை நம்மைவிடக் கடுமையாகச் சந்தித்தன. ஸ்வீடனின் வோல்வோ 1970களிலேயே எஃகுக் குழாய்க்குப் பதிலாகத் தாமிர-நிக்கல் கலப்புக் குழாயைப் பிரேக்குக்குக் கொண்டுவந்தது. உப்பைக் கண்டு டிஸ்க்கைக் கைவிடாமல் குழாயின் உலோகத்தை மாற்றினார்கள். ஈரக் காற்றுக்கு இன்னொரு விளைவும் உண்டு. பிரேக் ஆயில் காற்றின் நீரை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயிலுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை 205 பாகை செல்சியஸ். நீர் ஏறிய நிலையில் அந்த வரம்பு 140 பாகையாக இறங்குகிறது. டிரம்மோ டிஸ்க்கோ, கடற்கரை வண்டிக்குக் குறித்த காலத்தில் ஆயில் மாற்றுவதே மிக மலிவான பிரேக் மேம்பாடு.

இரண்டாவது எதிர்வாதம் பொருளாதாரம். வண்டியே பழையது, அதில் இவ்வளவு செலவு எதற்கு, அழித்துவிட்டுப் புதியதை வாங்கலாமே. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த வாகன அழிப்புக் கொள்கையும் அதைத்தானே சொல்கிறது என்று கேட்கலாம். கடனுக்குத் தகுதி உள்ளவருக்கு அது சரியான வழி, சட்டகமே துருவால் தின்னப்பட்ட வண்டிக்கும் அதுவே சரி. ஆனால் மரக்காணத்து உப்பு ஆண்டு முழுவதும் விளைவதில்லை. வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்திகள் மூழ்கும், மாதக்கணக்கில் நடை இருக்காது. மாதத் தவணை மழைக்கு நிற்பதில்லை. பருவத் தொழிலில் பழைய வண்டி நீடிப்பதற்குப் பாசம் காரணம் அல்ல, வட்டி இல்லாத முதல் என்பதே காரணம். அது எப்படியும் சாலையில் ஓடத்தான் போகிறது என்றால், அதே சாலையில் தலையில் கூடையோடு அளத்துக்கு நடந்துபோகும் பெண்களின் உயிருக்கும் அந்த வண்டியின் பிரேக்குக்கும் உள்ள தொடர்பை விலக்கிவிட முடியாது. மேம்பட்ட பிரேக் வந்தால் இன்னும் அதிகம் ஏற்றுவார்களே என்ற அச்சமும் நியாயமானது. அதற்கு விடை எடைமேடை. பிரேக்கை மோசமாக வைத்திருப்பதால் யாரும் குறைவாக ஏற்றியதாக இத்தொழிலின் வரலாறு காட்டவில்லை.

மூன்றாவதும் வலுவானதுமான எதிர்வாதம் சட்டம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல வரையறைக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்புடன் உறுதி செய்தது. பட்டறைக்குப் பட்டறை வேறுபடும் கைவேலையை, அதுவும் பிரேக்கில், அரசு கண்ணை மூடிக்கொண்டு அனுமதிக்க முடியாது என்பது சரியே. ஆனால் இதே பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட மாற்றுத் தொகுப்பைக் கொண்டு பெட்ரோல் வண்டியை எரிவாயுவுக்கும் மின்கலத்துக்கும் மாற்ற வழி விடுகிறது. 2019இல் செய்த திருத்தம், வண்டித் திருத்தங்களுக்கான வரையறைகளையும் அங்கீகார நிபந்தனைகளையும் மத்திய அரசு வகுக்கலாம் என்ற அதிகாரத்தையும் கொடுத்தது. எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் மாற்றத்துக்குச் சோதனையும் சான்றும் கொண்ட பாதை இருக்கிறது, உயிரைக் காக்கும் மாற்றத்துக்கு அத்தகைய பாதை போடப்படவில்லை. இழுக்கும் செலவுக்கு முன்னுரிமை, நிறுத்தும் செலவுக்குத் தாமதம் என்ற பழைய வரிசையைச் சட்டமும் அறியாமலே பின்பற்றியிருக்கிறது. அதிகம் ஓடும் பழைய பிக்கப் வகைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் சோதித்துச் சான்றளித்த முன்சக்கர டிஸ்க், பூஸ்டர் தொகுப்பை உறுப்புத் தயாரிப்பாளர்கள் விற்கவும், பயிற்சி பெற்ற பட்டறை அதைப் பூட்டவும், எட்டு ஆண்டு கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் நடக்கும் எஃப்.சி. ஆய்வில் அது பதிவாகவும் வழி செய்யலாம். அறிவு பாடியில் இருக்கிறது, உறுப்பு சந்தையில் இருக்கிறது, அதிகாரம் சட்டத்தில் இருக்கிறது. உப்பு விலையில் ஒரு துளி அளவாகக்கூடத் தெரியாத இந்தச் செலவை உரிமையாளர் தலையில் மட்டும் சுமத்தாமல், உப்பை வாங்கி விற்கும் முழுச் சங்கிலியும் ஏற்க வேண்டும். உமணர் தங்கள் சரக்கைக் காக்க மாற்று அச்சின் எடையை மனமுவந்து சுமந்தார்கள். எதிரே வருபவரைக் காக்கும் எடையைச் சுமப்பதும் இன்று அத்தொழிலின் கடமை.